தம்பியின் மேல் ஒரு புகார்

விபத்தில் யார் மேல் தப்பு என்று சொல்வதுதான் ஜெனிட்டாவின் வேலை. அவள் போலீஸ்காரி இல்லை, வக்கீலும் இல்லை. பெங்களூரில் கண்டோன்மென்ட் ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் இரண்டாவது மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து, மாவட்டம் மாவட்டமாக அனுமதி வாங்கிச் சேர்த்த பழைய விபத்துக் கோப்புகளைக் கணினியில் படிக்கிறார்கள். அந்த ஆறு பேரில் அவள் ஒருத்தி.

வண்டி ஓட்டிய ஒவ்வொருவருக்கும் எட்டுக் கேள்விகள். சாலை எப்படி இருந்தது, வெளிச்சம் இருந்ததா, வண்டியில் கோளாறு உண்டா, எந்த மாதிரி மோதல், பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று போகும். ஓட்டியவரின் கையை மீறிய காரணம் ஒன்றும் இல்லையென்றால் கேள்விக்கு ஒரு மதிப்பெண். காரணம் இருந்தால் அதற்கேற்ப இரண்டோ மூன்றோ நான்கோ. கூட்டிப் பார்த்துப் பன்னிரண்டுக்குள் வந்தால் அவர்தான் பொறுப்பு. பதினாறைத் தொட்டால் பொறுப்பில்லை. நடுவில் நின்றால் பாதிப் பொறுப்பு. புகாரும் குற்றப்பத்திரிகையும் கோப்பின் கடைசியில் தனியாகப் பூட்டி இருக்கும். மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் அவற்றைத் திறக்க வேண்டும். போலீஸ் யாரைக் குற்றம் சொன்னது என்று தெரிந்துவிட்டால் படிக்கிறவர் மனசும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

வேலைக்கு எடுக்கும்போது அவளிடம் கேட்டது இரண்டே கேள்விகள். போலீஸ் கன்னடம் கையெழுத்தில் இருந்தாலும் படிப்பீர்களா? சாவு, ரத்தம் பற்றித் தினமும் படிக்க முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றாள். இரண்டாவது கேள்விக்குச் சற்று யோசித்திருக்கலாம் என்று பிரிவின் தலைவி சுனிதா மேடத்துக்கே தோன்றியது. ஆனால் ஜெனிட்டா வேகமாகப் படித்தாள், தப்பில்லாமல் படித்தாள், மத்தியானச் சாப்பாட்டையும் மீதம் வைக்காமல் சாப்பிட்டாள். மற்றவர்களில் இரண்டு பேர் மூன்று மாதத்தில் நின்றுவிட்டார்கள். அவள் நிற்கவில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. தங்கவயலின் கோரமண்டல் பகுதியில், அப்பா காலத்துச் சுரங்கக் கம்பெனி வீட்டில் அவளும் தம்பி ஆஸ்டினும் இருந்தார்கள். அப்பா சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் ஓட்டியவர். சுரங்கம் மூடிய ஐந்தாம் வருஷம் நுரையீரல் நோயில் போய்விட்டார். அம்மா வின்னி, நர்சரிப் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்து இரண்டு பேரையும் வளர்த்தாள். அந்த அம்மா 2022 நவம்பரில் பேத்தமங்களா ரோட்டில் இறந்துபோனாள். ஆஸ்டின் பைக் ஓட்டினான், அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு, ரோட்டில் நின்றிருந்த ஒரு டிராக்டர் டிராலியின் பின்புறத்தில் பைக் மோதியது. ஆஸ்டினுக்கு இடது மணிக்கட்டு உடைந்தது. அம்மா அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

போலீஸ் ஆஸ்டின் மேல் வழக்குப் போட்டது. அஜாக்கிரதையாக ஓட்டி ஒரு உயிர் போகக் காரணமாக இருந்தான் என்று வழக்கு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவன் கோர்ட்டுக்குப் போய் நின்றுவிட்டு வந்தான். வாய்தா எப்போது என்று அவள் கேட்டால் சொல்வான். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அவள் காலை ரயிலுக்கு முன்னால் சோறு வடித்து வைப்பாள், அவன் மாலூர் ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வந்து பாத்திரம் கழுவுவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். அவன் அதற்குப் பிறகு பைக்கைத் தொடவே இல்லை.

2024 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தங்கவயல் பகுதிக் கோப்புகள் ஒரு கட்டாக வந்தன. பெயர்களையெல்லாம் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருப்பார்கள். ஊர்ப் பெயரும் தேதியும் தெரியும். ஜெனிட்டா காலையில் நான்கு கோப்பு முடித்தாள். ஐந்தாவதைத் திறந்ததும் சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் ஸ்பாட் மகஜர், அதில் கையால் வரைந்த படம் வந்தது. மேலும் கீழுமாக இரண்டு கோடு, அதுதான் ரோடு. இடது பக்கம் ஒரு புளியமரம். மரத்துக்கு முப்பது அடி தள்ளி ஒரு செவ்வகம், டிராலி. அதன் பின்னால் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

தேதியைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

தெரிந்தவர்களின் கோப்பு வந்தால் உடனே மூடிவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவளும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆனாலும் மூடவில்லை. பக்கம் பக்கமாகப் படித்தாள். டிராலியில் ராகி வைக்கோல். அச்சு முறிந்து நின்றது. டிராக்டரைக் கழற்றி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள், டிராலி மட்டும் தார் ரோட்டின் மேலேயே விடப்பட்டது. பின்புறம் ரிஃப்ளெக்டர் இல்லை, விளக்கு இல்லை, வண்டி நிற்கிறது என்று காட்ட ஒரு தழைக்கொம்புகூட வெட்டிப் போடவில்லை. பைக்கின் ஹெட்லைட்டும் பிரேக்கும் சரியாக இருந்ததாக மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதியிருந்தார். பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த பெண்ணின் வாக்குமூலம் நாலே வரி. டிராலி சாயங்காலம் ஐந்து மணியிலிருந்தே அங்கே நின்றது, இருட்டில் அது யார் கண்ணுக்கும் தெரியாது, அதற்கு முன்னால் ஒரு ஆட்டோவும் மோதப் பார்த்துத் தப்பியது.

கை பழக்கத்தில் மதிப்பெண் போட்டுக்கொண்டே போயிற்று. கூட்டல் தானாகத் திரையின் ஓரத்தில் வந்தது. பதினேழு.

அப்புறம் பூட்டிய பக்கத்தைத் திறந்தாள். முதலில் புகார். அதை வைத்துத்தான் போலீஸ் வழக்கே பதிவு செய்கிறது. 'மேற்படி விபத்துக்கு, பைக்கை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிய என் தம்பியே காரணம். அவர் மேல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.' கன்னடத்தில், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரின் உருண்டை உருண்டையான எழுத்து. புகார் கொடுத்தவரின் பெயர் மேல் கறுப்புக் கட்டம் இருந்தது. கையெழுத்தின் மேல் கட்டம் சரியாக விழவில்லை. ஆங்கில எழுத்தில் கடைசி மூன்றும், அடியில் இழுத்த கோடும் வெளியே தெரிந்தன. அது அவள் கையெழுத்து.

ஜெனிட்டா நினைவுபடுத்திப் பார்த்தாள். அன்றைக்கு அவள் பெங்களூரிலிருந்து வரும் ரயிலில் இருந்தாள். ஒயிட்ஃபீல்டைத் தாண்டும்போது போன் வந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிணவறைக்கு வெளியே ஒரு மர பெஞ்ச் இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். "இங்க ஒண்ணு போடும்மா. இங்க ஒண்ணு. பாடி வாங்கறதுக்கு இது. நகைக்கு இது." நான்கு தாளில் போட்டாள். அம்மாவின் செருப்பு ஒன்றுதான் கிடைத்தது, இன்னொன்று எங்கே என்று அப்போது அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கோப்பை மூடினாள். மதிப்பெண்ணைச் சேமிக்கவில்லை. எழுந்து சுனிதா மேடத்தின் மேஜைக்குப் போனாள்.

"மேடம், இந்த நம்பர் கோப்பை வேற யாருக்காவது குடுத்துடுங்க. எங்க அம்மா கேஸ் இது."

சுனிதா மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். "உட்காருங்க ஜெனிட்டா. தண்ணி குடிங்க. எவ்வளவு படிச்சீங்க?"

"பூரா படிச்சிட்டேன். அது தப்புதான்."

"அது கிடக்கட்டும். மூணு நாள் லீவு எடுத்துக்குங்க."

"வேணாம் மேடம். அடுத்த கோப்பு இருக்குது."

அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று சுனிதா மேடம் காத்திருந்ததைப் பார்த்து, வராததற்கு ஏதோ மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அன்று மத்தியானத்துக்கு மேல் இன்னும் ஒன்பது கோப்பு முடித்தாள். அவற்றில் ஒன்றில்கூடத் தப்பு இருக்கவில்லை என்று பின்னால் சரிபார்த்தவர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். அம்மாவின் இறப்புச் சான்றிதழோடு ஒரு மஞ்சள் கவர் இருந்தது. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கொடுத்தது, யாரும் பிரித்ததில்லை. பிரித்தாள். எஃப்.ஐ.ஆர். நகலில் கறுப்புக் கட்டம் எதுவும் இல்லை. புகார்தாரர் ஜெனிட்டா, இறந்தவரின் மகள்.

ஆஸ்டின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

"ஆஸ்டின், உன் மேல கம்ப்ளெய்ன்ட் குடுத்தது நான்டா."

குழாயை மூடாமலே, "தெரியும்க்கா" என்றான்.

"எப்பத்திலிருந்து?"

"மொத வாய்தாவுலயே சார்ஜ் ஷீட் காப்பி குடுத்தாங்க. அதுல இருந்துச்சி."

"ரெண்டு வருசமாவப் போவுது. ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? நீ தெரிஞ்சி எழுதியிருந்தாலும் சரிதான்னு நெனச்சேன்."

"நான் படிக்கவே இல்லடா. போடுன்னாங்க, போட்டேன்."

"சரிக்கா."

அவ்வளவுதான். அவன் கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். கோபமோ நிம்மதியோ அவன் முகத்தில் இல்லை. அவள் முகத்திலும் இருந்திருக்காது. அடுத்த வாய்தாவில் தப்பை ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொன்னான். ஒப்புக்கொண்டால் வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும் என்று கோர்ட்டில் யாரோ சொன்னார்களாம்.

"ஒத்துக்கினு?"

"முடிஞ்சிடும் இல்ல."

"உன்கிட்ட இருக்கற காப்பியக் குடு. பார்க்கறேன்."

பெட்டியின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதங்களை எடுத்துக் கொடுத்தான். ஆபீஸில் பார்த்த அதே படம், அதே புளியமரம், அதே டீக்கடைக்காரியின் நாலு வரி. எல்லாம் இந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவள் தரையில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய கோப்பைப் படிப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். ரிஃப்ளெக்டர் இல்லை. விளக்கு இல்லை. இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. டிராலியின் சொந்தக்காரரைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆஸ்டின் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"அதுல இல்லாதது ஒண்ணு இருக்குதுக்கா. மம்மி பின்னாலருந்து இன்னாமோ கேட்டாங்க. காத்துல காதுல வுழல. இன்னா மம்மின்னு திரும்பினேன். மறுபடி முன்னால பார்த்தப்ப டிராலி."

ஜெனிட்டா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"இன்னா கேட்டாங்க?"

"அதான் தெரியலயே. இன்னைக்கு வரைக்கும் தெரியல."

எட்டுக் கேள்வியில் இதற்கு இடமில்லை. அம்மா கூப்பிட்டால் மகன் திரும்புவதற்கு எத்தனை மதிப்பெண் என்று யாரும் எழுதி வைத்ததில்லை. பதினேழிலிருந்து இதற்காக எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றா, இரண்டா? இரண்டு குறைந்தால் பாதிப் பொறுப்பு ஆகிவிடும்.

"திரும்பாம இருந்திருந்தா டிராலி தெரிஞ்சிருக்குமாடா?"

"தெரியாதுக்கா. இருக்கலாம். இருட்டு."

"அப்போ ஒத்துக்காத. தெரியாததுக்கு ஒத்துக்காத."

அவன் தாள்களைத் திரும்ப உறையில் சுற்றினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் அவனை அழைத்துக்கொண்டு ஜெயகரனிடம் போனாள். ஜெயகரன் இவர்களுடைய சபையில் மூத்தவர், ராபர்ட்சன்பேட்டையில் வக்கீல். அவருடைய பிள்ளைகள் அம்மாவிடம் நர்சரி படித்தவர்கள். தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதுவரைக்கும் யார் பார்த்தாங்க உன் கேஸை?"

"யாரும் இல்ல அங்கிள். நானே போயி நின்னுட்டு வருவேன்" என்றான் ஆஸ்டின்.

"இன்னாப்பா இது. சரி, வுடு." அவர் ஜெனிட்டாவைப் பார்த்தார். "மொத சாட்சி நீதாம்மா. உனக்கு சம்மன் வரும். இன்னா சொல்லப் போற?"

"நான் பார்க்கலன்னு சொல்லுவேன். படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு சொல்லுவேன்."

"தம்பியக் காப்பாத்தப் பொய் சொல்றன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும் அங்கிள்."

சம்மன் 2025 ஜனவரியில் வந்தது. சாட்சிக் கூண்டு அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஆஸ்டின் பின்வரிசையில் சுவரோரம் நின்றான். அரசு வக்கீல் புகாரை அவளிடம் காட்டி, கையெழுத்து உங்களுடையதுதானா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றாள்.

"கன்னடம் படிப்பீங்களா?"

"படிப்பேன்."

"இப்ப என்ன வேலை செய்யறீங்க?"

"போலீஸ் விபத்து ரிப்போர்ட்டுகளைப் படிக்கிற வேலை."

கோர்ட்டில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அரசு வக்கீலும் லேசாகச் சிரித்தார். "அதையே வேலையா செய்யறவங்க, சொந்தத் தாயார் செத்ததுக்கு எழுதின புகாரைப் படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா."

"தம்பி வேகமா ஓட்டினதாலதான் விபத்துன்னு இதில் சொல்லியிருக்கீங்க."

"நான் சொல்லல. நான் அப்போ ரயில்ல இருந்தேன். வந்தப்ப எழுதி வெச்சிருந்தாங்க."

"தம்பியைக் காப்பாத்தறதுக்காக இப்ப மாத்திப் பேசறீங்க."

"அவனைக் காப்பாத்தணும்னா அன்னைக்கே படிச்சிருக்கணும்" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். அவளைப் பிறழ் சாட்சி என்று அறிவித்தார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுத்தர் காட்டினார். இந்தத் தடவை அவள் தன் சாட்சியத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நின்றபடியே படித்தாள். எழுத்தர் பேனாவை நீட்டிக்கொண்டே காத்திருந்தார். ஓரிடத்தில் 'ரயிலில்' என்பதற்குப் பதிலாக 'பஸ்ஸில்' என்று அடித்திருந்தார்கள். திருத்தச் சொன்னாள். திருத்திய பிறகே போட்டாள்.

டீக்கடைக்காரப் பெண் பார்வதம்மாவை அழைத்து வருவதற்குத்தான் மூன்று வாய்தா ஆயிற்று. கடையைப் பூட்டிவிட்டு வந்தால் அன்றைய பிழைப்பு போகும் என்று வராமல் இருந்தாள். வந்த நாளில், போலீஸிடம் சொன்ன நாலு வரியோடு நிற்காமல் நாற்பது வரி சொன்னாள். டிராலிக்காரரிடம், "ஒரு விளக்காவது வெச்சிட்டுப் போங்கய்யா" என்று தானே சொன்னதாகவும், அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் போனதாகவும் சொன்னாள். கீழே இறங்கும்போது ஆஸ்டினைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். "அந்தப் புள்ளை அவங்கம்மா தலையை மடியில வெச்சிக்கினு இருந்துச்சி. ஒரு கை தொங்கிக்கினு இருந்துச்சி, அதுக்கே தெரியல" என்று யாரும் கேட்காமலே சொன்னாள். அது பதிவாகவில்லை.

அதற்குள் ஆபீஸில் தங்கவயல் கட்டு முடிந்து வேறு மாவட்டம் வந்துவிட்டது. அந்தக் கோப்பை வேறு இரண்டு பேர் படித்து மதிப்பெண் போட்டிருந்தார்கள். எத்தனை போட்டார்கள் என்று ஜெனிட்டா கேட்கவில்லை. கேட்டால் சுனிதா மேடம் சொல்லியிருப்பார். அட்டவணையில் அது ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் ஒரு வரி. எந்த வரி என்று தேட அவளுக்கு அரை நிமிஷம் போதும். தேடவில்லை. ஆனால் வேலையில் ஒரு மாற்றம் கேட்டு வாங்கினாள். புகார்தாரர் சம்பவத்தை நேரில் பார்த்தாரா என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார்கள். முதல் மாதத்திலேயே, நூறு கோப்புக்கு அறுபதுக்கு மேல் 'இல்லை' என்று வந்தது. சுனிதா மேடம் அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2025 ஆகஸ்டில் தீர்ப்பு. நீதிபதி கன்னடத்தில் இரண்டு வாக்கியம் படித்தார். குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, ஆகவே விடுதலை. அடுத்த வழக்கின் நம்பரை உடனே கூப்பிட்டார்கள். ஜெயகரன் ஆஸ்டினின் தோளைத் தட்டி, "போங்கப்பா, போயி சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வேறு கோர்ட்டுக்குள் போனார்.

இருவரும் வெளியே வந்து வேப்பமரத்துக்கு அடியில் நின்றார்கள். வெயில். கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். ஏதாவது ஒன்று தன்மேல் வந்து இறங்கும் என்று ஜெனிட்டா காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"இன்னாக்கா, ஒண்ணுமே தோணல" என்றான் ஆஸ்டின்.

"எனக்கும்தான்டா."

"கோர்ட்டுல தப்பு இல்லன்னுட்டாங்க. நான் திரும்பினது திரும்பினதுதானே?"

அவள் பதில் யோசித்தாள். வேலை செய்யும் இடத்தில் சொல்லும் பதில் ஒன்று இருந்தது, சர்ச்சில் சொல்லும் பதில் ஒன்று இருந்தது. இரண்டையும் சொல்ல மனசு வரவில்லை.

"ஆமா" என்றாள். "கூப்ட்டாங்க, திரும்பின."

அவன் தலையை ஆட்டினான். அந்தப் பதில் அவனுக்குப் பிடித்ததா என்று தெரியவில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் கிடைத்த ஆள்போல மூச்சுவிட்டான். இருவரும் பக்கத்து ஓட்டலில் போய் உட்கார்ந்தார்கள். அவன் தோசை சொன்னான், சட்னி காரமாக இருக்கிறது என்றான், அவள் தன் தட்டிலிருந்த தேங்காய்ச் சட்னியை அவன் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டு முடித்ததும், சாயங்கால ஷிப்டுக்குப் போகலாமா, இல்லை இன்று லீவாகவே இருக்கட்டுமா என்று கேட்டான். லீவாகவே இருக்கட்டும் என்றாள். வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு அறையில் படுத்து, மூன்று மணி நேரம் தூங்கினார்கள்.